குடம் சுமக்கும் பூனை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இது போன வருடத்து டைரி. தேதி சரியாக இருக்கிறது, கிழமை மட்டும் ஒரு நாள் பின்தங்கி நிற்கிறது. மேலே ‘திங்கள்’ என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு ‘செவ்வாய்’ என்று எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியர் குருநாதன் சார் கொடுத்த டைரி.

“புதுத் தலைவிக்குப் பழைய டைரியா சார்?” என்றேன்.

“கிழமைய அடிச்சு எழுதிக்கிட்டா புதுசுதாம்மா. கூட்டத்துல நடக்குறதக் குறிச்சு வச்சுக்கங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லணும்ல?”

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரில் ஒருவர்தான் தலைவராக இருக்க வேண்டுமாம். பழைய தலைவியின் மகன் பன்னிரண்டு முடித்துப் போய்விட்டான். அடுத்து யார் என்று கேட்டதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் “என்ன, எல்லாரும் மோதிரத்தத் தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டேன். அவ்வளவுதான், வாயுள்ளவள் என்று என்னை எழுதிவிட்டார்கள். அன்னமயில், வயது நாற்பத்து நாலு, பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நெல்லிக்காய், மாங்காய், அவித்த கடலைக் கடை. படிப்பு ஆறாம் வகுப்பில் பாதி. தம்பி பிறந்தான், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள், அவனைப் பார்த்துக்கொள்ள நான் நின்றுவிட்டேன். மகள் ரூபிகா இதே பள்ளியில் ஒன்பதாவது. வீட்டுக்காரர் லாரியில் இருப்பார், எப்போதாவது வீட்டில் இருப்பார்.

இன்று கேட்ட சேதி ஒன்று. இங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள் சேர்ந்து பத்து கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருக்கிறார்கள். புரோகிராம் எழுதச் சொல்லித்தர ஜெபசெல்வி மிஸ்ஸையும் அவர்களே அமர்த்தியிருக்கிறார்கள். ஜூனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் சேர்ந்தார்கள். இப்போது இருப்பது பதின்மூன்று. நவம்பர் ஒன்றாம் தேதி வந்து தலையை எண்ணுவார்களாம். இருபது இல்லையென்றால் பத்து கம்ப்யூட்டரும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. அவர்கள் இப்போதே மேசை செய்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்களாம். கம்ப்யூட்டர் போனால் மிஸ்ஸும் போக வேண்டியதுதான்.

நின்றுபோன இருபத்தேழு பேரில் என் மகளும் ஒருத்தி.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெபசெல்வி மிஸ் கடைக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தோளில் பை, கையில் குடை, முகத்தில் தூக்கமில்லை.

“நெல்லிக்கா குடுங்க யக்கா. நல்லாப் புளிக்கிறதா.”

“இப்ப முகம் இருக்குற இருப்புக்கு இன்னும் புளிப்பா? பேசாம சர்க்கரை தாரேன்.”

சிரித்துவிட்டார். ரூபிகா ஏன் நின்றாள் என்று கேட்டார். “வரலை”ன்னு சொன்னாள் என்றேன்.

“இருபத்தேழு பேரும் அதத்தான் சொல்றாங்க. வரலை, வரலை. பாடத்தச் சொல்றாங்களா தங்களச் சொல்றாங்களான்னு தெரியலை. பிழை பிள்ளைங்ககிட்ட இல்ல யக்கா. முதல்ல எந்த மொழியக் குடுக்கிறோங்கிறதுல இருக்கு.”

“மொழியா? கம்ப்யூட்டருக்குத் தமிழ், இங்கிலீசு தவிர வேற என்ன மொழி?”

“நூத்துக்கணக்குல இருக்கு. நாம சொல்றத அதுக்குப் புரியிற மாதிரி எழுதுறதுக்கு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மொழி செஞ்சு வச்சிருக்காங்க. நாங்க ‘சி’ங்கிறதுல ஆரம்பிச்சோம். கணக்கு சார் சொன்னாரு. எனக்குப் பைத்தான்ல ஆரம்பிக்கணும்னு ஆசை.”

“பைத்தான்னா?”

“மலைப்பாம்பு.”

“அது சரி. பூச்சிக்கே ஓடுற பிள்ளைகளுக்குப் பாம்பா?”

மறுபடியும் சிரித்தார். நெல்லிக்காய் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாதிரியே இருந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

குழுக் கூட்டம். கணக்கு சந்தானம் சார் எழுந்தார். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் சுண்ணக்கட்டி, கூட்டத்தில்கூட. அவரிடம் கணக்கு படித்தவர்கள் இந்த ஊரில் பாதிப் பேர்.

“சி படிச்சா உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். அஸ்திவாரம். கஷ்டமாத்தான் இருக்கும். இருக்கட்டும். தாக்குப்பிடிச்ச பதின்மூணு பேர் சிங்கக்குட்டிங்க சார், வந்து பாருங்க.”

“ஓடிப்போன இருபத்தேழு பேர்?” என்றார் மிஸ். “அஸ்திவாரம் போடுறதுக்குள்ள வீட்டுக்காரங்களே ஊரவிட்டுப் போயிட்டா?”

பைத்தானில் நாலு வரியில் முடிவது சியில் பத்து வரி என்றார். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, ஸ்கிராட்ச், எழுதவே வேண்டாம், வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும், தமிழிலேயே இருக்கும், ஒரு பூனை நாம் சொன்னபடி நடக்கும் என்றார். ஆனால் அது சின்னப் பிள்ளைகளுக்கு என்று அவரே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குருநாதன் சார் இரண்டு பக்கமும் பார்த்தார். தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டியது தலைவி. எல்லாக் கண்ணும் என் பக்கம் வந்தது.

“எனக்கு மூணுமே தெரியாது. அதனால மூணுக்கும் நான் ஒரே தூரம். ஓடிப்போன இருபத்தேழு பேரக் கூப்பிடுங்க. சீட்டுப் போட்டு ஒன்பது ஒன்பதாப் பிரிங்க. மூணு சனிக்கிழமை, மூணு கூட்டத்துக்கும் மூணு மொழி. நான் பின்னாடி உக்காந்து பாக்குறேன்.”

“என்னத்தப் பாப்பீங்க தலைவரே?” என்று சந்தானம் சார் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

“பிள்ளைக மூஞ்சியத்தான் சார். அதப் படிக்கத் தெரியும்.”

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இருபத்தேழு பேரையும் வரவழைக்கக் கடையில் கட்டளை போட்டேன்: சனிக்கிழமை வராத ஆளுக்கு மாங்காயில் மிளகாய்ப்பொடி கிடையாது.

ஆகஸ்ட் 23, சனி

கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபத்தேழில் இருபத்தாறு வந்திருந்தது. ஒருத்தனுக்கு அம்மை. சீட்டில் ரூபிகாவுக்குப் பூனை விழுந்தது. “எனக்கு மட்டும் பாப்பா விளையாட்டா?” என்று என்னை முறைத்தாள். நான் சீட்டை எடுக்கவில்லை, எடுத்தது அவள்தான்.

முதலில் சந்தானம் சாரின் சி. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கரும்பலகையில் கோடு போட்டால் கோலம் மாதிரி நிற்கிறது. ஒரு பெட்டி வரைந்தார். “இது ஒரு குடம். இதுக்குள்ள ஒரு நேரத்துல ஒரு எண்தான் நிக்கும். புதுசு ஊத்துனா பழசு போயிரும்.” எனக்கே புரிந்தது. பிள்ளைகள் தட்டினார்கள். முகிலரசன் என்ற பையன், எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவன், அவன் திரையில் சிவப்பாக ஆங்கிலம் ஓடியது. ஒரு வரி தப்புக்கு ஏழு வரி ஏச்சு. அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திரையை மறைத்தான்.

அதைத்தான் பார்த்தேன். கையால் மறைத்ததை.

அடுத்து மிஸ்ஸின் பைத்தான். கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தங்கள் பெயரை நூறு தடவை எழுத வைத்தார்கள். மிஸ் திரையில் எழுதும்போதே தப்பு வந்தது. “அடடா, மிஸ்ஸுக்கு வரலையே! யாராச்சும் காப்பாத்துங்க!” என்று கையைப் பிசைந்தார். பிள்ளைகள் எழுந்து ஓடி வந்தார்கள்.

கடைசியாகப் பூனை. அதிகம் எழுத ஒன்றுமில்லை. பூனை நடந்தது, சுவரில் முட்டியது, திரும்பியது. ரூபிகா பூனையைத் தலைகீழாக நடக்கவிட்டுவிட்டாள். பக்கத்துப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ரூபிகாவும் சிரித்தாள். வெளியே வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு “போர்மா” என்றாள்.

ஆகஸ்ட் 30, சனி

இன்றும் மிஸ்ஸுக்கு இரண்டு இடத்தில் தப்பு வந்தது. வகுப்பு முடிந்து கடையில் வைத்துப் பிடித்தேன்.

“ஏன் மிஸ்ஸு, முதல் தப்பு நடிப்புன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. ரெண்டாவது?”

அவர் நெல்லிக்காயை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“அது நெசத் தப்பு யக்கா. நான் காலேஜ்ல படிச்சது சி. பைத்தான நானே இப்பத்தான் கத்துக்கிட்டு வாரேன். பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் முன்னாடி இருக்கேன், அம்புட்டுதான். வெளிய சொல்லிறாதீங்க.”

“சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு எது நடிப்பு, எது நெசம்னு தெரியுமா?”

“மொத வாரம் தெரிஞ்சுச்சு. இப்ப எனக்கே கலந்துபோச்சு.”

இப்படி ஒரு டீச்சரை நான் பார்த்ததில்லை. என் காலத்தில் டீச்சருக்குத் தப்பே வராது. எல்லாத் தப்பும் எங்களுக்குத்தான் வரும்.

செப்டம்பர் 1, திங்கள்

ரூபிகா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். “அம்மா, மாமா உன்னைவிட எத்தனை வயசு சின்னவரு?”

“நாலு.”

“மாமா பிறந்ததாலதான நீ ஆறாங்கிளாஸ்ல நின்ன?”

“ஆமா.”

“அப்ப நீ ஆறாங்கிளாஸ் படிக்கிறப்ப மாமாவுக்கு ஏழு வயசு. ரெண்டாங்கிளாஸ் படிச்சிருப்பாரு. அவரப் பாத்துக்கிறதுக்கு நீ எதுக்கு நிக்கணும்?”

கணக்கு நன்றாகத்தான் போடுகிறாள். மாங்காய்க்கு உப்புப் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 6, சனி

மூன்று கூட்டத்துக்கும் ஒரே பரீட்சை வைக்க வேண்டும் என்றார்கள். கேள்வியைத் தலைவியே சொல்லட்டும் என்றார் சந்தானம் சார். நான் யோசிக்கவே இல்லை.

“எங்க தெருக் குழாய்ல குடம் வைக்கிற முறையச் செய்யுங்க.”

ஐந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. பதினோரு வீடு. வீட்டுக்கு நாலு குடம், வரிசைப்படி. பதினொன்றும் முடிந்தபின் தண்ணீர் மிச்சம் இருந்தால் வீட்டுக்கு இரண்டு குடம் மறுபடியும். துட்டி, அதாவது சாவு, விழுந்த வீடு இருந்தால் பதினாறாம் நாள் முடியும்வரை வரிசை கிடையாது, அந்த வீட்டுக் குடம்தான் முதலில். இதில் சண்டை வந்ததே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது.

இதை நான் சொல்லச் சொல்ல மூன்று கூட்டமும் எழுதிக்கொண்டது. சந்தானம் சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “இவ்வளவு கச்சிதமான நிபந்தனைய நான் பாடப் புத்தகத்துல பாத்ததில்ல தலைவரே” என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் போனது.

அடுத்த சனிக்கிழமை தெருப் பெண்களை அழைத்து வந்து காட்ட வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெருவில் ஒன்பது பேரைக் கூட்டிப் போனேன். வருகிறவளுக்கு ஒரு கை அவித்த கடலை என்று சொல்லித்தான். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார்கள்.

முதலில் சி. முகிலரசன் முன்னால் வந்து நின்றான். இன்று கையால் எதையும் மறைக்கவில்லை. மூன்று வாரத்தில் அந்த ஒன்பது பேரும் செய்திருந்த வேலை அழகு. ஒரு பொத்தானைத் தட்டினான், முதல் வீடு நாலு குடம், இரண்டாம் வீடு நாலு குடம் என்று எண்ணும் எழுத்தும் பிசகாமல் வந்தன. “மூணாம் வீட்டுல துட்டி” என்றோம். மூன்றாம் வீடு முதலில் வந்தது. எல்லாரும் கையைத் தட்டினோம்.

“ஏழாம் வீட்டோட தண்ணி நின்னுருச்சுன்னு வையி” என்றார் மிஸ்.

முகிலரசன் நிறுத்தினான். “இப்ப அஞ்சு நாள் கழிச்சு தண்ணி வருது” என்று மறுபடி தட்டினான். முதல் வீடு, நாலு குடம்.

“ஏலேய், ஏலேய்!” எட்டாம் வீட்டுச் செண்பகம் எழுந்துவிட்டாள். “ஏழாம் வீட்டோட நின்னா அடுத்த மொறை எட்டாம் வீட்டுல இருந்துல்ல ஆரம்பிக்கணும்? திரும்பவும் மொத வீடா? அப்ப எங்க வீட்டுக்குத் தண்ணியே கெடையாதா? மொத வீட்டுக்காரி உனக்கு என்னடா குடுத்தா?”

முதல் வீட்டுக்காரி நான்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். முகிலரசனின் காது சிவந்தது. சந்தானம் சாரைப் பார்த்தான். சார் மெதுவாக, “அதுக்குக் கடைசியா நின்ன வீட்ட ஞாபகம் வைக்கணும். செய்யலாம். இவங்களுக்கு அடுத்த வாரம் ஆகும்” என்றார். அவன் உட்கார்ந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

பைத்தானிலும் அதே தப்பு. பிள்ளைகள் முயன்றார்கள், நேரம் ஓடியது, கடைசியில் மிஸ்ஸே உட்கார்ந்து சரி செய்தார். சரியாக வந்தது. ஆனால் அது மிஸ்ஸுடையது.

பூனையிலும் அதே தப்பு. பூனை தலையில் குடத்தை வைத்துக்கொண்டு டிக்கு டிக்கென்று முதல் வீட்டுக்கே போனது. “அடியே, அது அன்னமயிலு வீட்டுப் பூனைடி!” என்றாள் செண்பகம். அறையே அதிர்ந்தது. ரூபிகா எழுந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இருங்க பெரியம்மா, இருங்க. அதுக்குத் தெரியலை, சொல்லித்தாரேன்.”

ஒரு கட்டையை இழுத்துச் சேர்த்தாள். பூனை குடத்தோடு பதினோராம் வீட்டையும் தாண்டித் திரைக்கு வெளியே போய்விட்டது. “ஏ, அடுத்த ஊருக்குப் போகுதுடி!” திரையில் இருந்ததெல்லாம் தமிழ் என்பதால் செண்பகம் கிட்டே போய் ஒவ்வொரு கட்டையாக வாய்விட்டு வாசித்தாள். “தண்ணி நிக்கும் வரை மீண்டும் செய்... வீட்டு எண்ணோட ஒண்ணக் கூட்டு... ஏ ரூபி, கூட்டிக்கிட்டே போனா பதினொண்ணுக்கு அப்புறம் எங்கடி திரும்புறது? மொத வீட்டுக்கு வரச் சொல்லு!” மூன்றாவது தடவை பூனை எட்டாம் வீட்டு வாசலில் குடத்தை இறக்கியது. செண்பகம் குலவை போட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகிலரசனுக்கும் ரூபிகாவுக்கும் ஒரே தப்பு. அவன் தப்பு அவன் மேல் விழுந்தது. இவள் தப்பு பூனை மேல் போய்விட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடை இல்லை. மனசு சரியில்லை. ரூபிகா நேற்று வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “நின்ன வீட்டுல இருந்து ஆரம்பிக்கணும்னு நீ சொல்லவே இல்லையேம்மா.”

உண்மைதான். நான் சொல்லவில்லை. எல்லா நிபந்தனையும் சொன்னேன், அதைச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. மூச்சு விடச் சொல்ல வேண்டுமா? பிள்ளைகளும் அதே தெருக்களில் குடம் தூக்குகிறவர்கள்தான், அவர்களுக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்தது கம்ப்யூட்டருக்கும் தெரியும் என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

ஆனால் முகிலரசன் குனிந்து உட்கார்ந்திருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய்.

செப்டம்பர் 15, திங்கள்

கூட்டம். உட்கார்ந்ததும் முதலில் சொல்லிவிட்டேன். “பரீட்சைக் கேள்வியே தப்பு சார். ஒரு நிபந்தனைய நான் விட்டுட்டேன். அந்தப் பயல் மேல தப்பில்ல. இன்னைக்குக் காலைல அவன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

குருநாதன் சார் திகைத்தார். “அப்ப பரீட்சை செல்லாதா? மறுபடி வைக்கணுமா?”

சந்தானம் சார் சுண்ணக்கட்டியைக் கைக்குள் உருட்டினார். இப்போது அவர் ஜெயிக்க வழி இருந்தது. செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“வேண்டாம் சார். கேள்வி தப்பா இருந்ததுதான் நல்லதாப் போச்சு. சரியா இருந்திருந்தா மூணும் பாஸ், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. தப்பு வந்தப்ப பிள்ளைங்க என்ன செஞ்சாங்கன்னு பாத்தோம்ல? என் கூட்டத்துப் பிள்ளை குனிஞ்சான். ரூபிகா கட்டைய இழுத்தா. முப்பது வருசம் பாடம் நடத்துறேன், இத நான் இப்படிப் பாத்ததில்ல.” கட்டியை மேசையில் வைத்தார். “ஆனா பூனையோட நின்னுறக் கூடாது. வெளிய யாரும் பூனை வச்சு வேலை பாக்கலை. அது என் கவலை.”

“நியாயமான கவலை” என்றார் மிஸ். “அப்புறம் பைத்தான் வரட்டும். அப்புறம் உங்க சி.”

“எப்போன்னு தேதி போடணும்” என்றார் குருநாதன் சார். “தீர்மானம்னா தேதி வேணும்.”

அதற்குத்தான் நான் பதில் வைத்திருந்தேன். “பிள்ளைகளே ‘இது பத்தலை’ன்னு சொல்ற வரைக்கும்னு போடுங்க.”

“அது எப்படிம்மா? தேதி இல்லாம ஒரு தீர்மானமா?”

சந்தானம் சார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. “இருக்கு சார், இருக்கு. ‘இன்னது நடக்கும் வரை மீண்டும் செய்.’ தண்ணி நிக்கும் வரைன்னு பிள்ளைங்க போட்டாங்களே. மூணு மொழியிலயும் இருக்கு. தலைவர் தீர்மானம் சொல்லலை, புரோகிராம் சொல்றாங்க.”

வழக்கமாகத் தீர்மானத்தைக் குருநாதன் சார் எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். இன்று புத்தகத்தை என் பக்கம் தள்ளி, “நீங்களே எழுதுங்க, உங்க வாசகம்” என்றார். ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க எழுதுவது எனக்கு ஆகாது. அந்தக் காலத்திலிருந்தே ஆகாது. கரும்பலகை என்றால் இன்னும் மோசம். சரி, எழுதினேன்.

எழுதி முடித்ததும் மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “யக்கா, ‘ஆறாம் வகுப்பு’ன்னு எழுதியிருக்கீங்க. ஒன்பதாம் வகுப்பு.”

அறையே என்னைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. பிறகு ஆறை அடித்துவிட்டு மேலே ஒன்பது போட்டேன். தினமும் கிழமையை அடித்துப் பழகிய கைதானே.

தீர்மானம்: ஒன்பதாம் வகுப்புக்கு முதல் மொழி, பூனை. பிள்ளைகள் பத்தவில்லை என்று சொல்லும்வரை.

அக்டோபர் 8, புதன்

காலாண்டு விடுமுறை முடிந்தது. வகுப்புக்குப் பத்தொன்பது பேர், பழைய பதின்மூன்றும் சேர்த்து. இன்னும் ஒன்று வேண்டும். செண்பகம் கேட்கிறாள்: “பூனைக்கு எங்க வீடு ஞாபகம் இருக்கா?”

அக்டோபர் 22, புதன்

தீபாவளி மயக்கம். பதினாறு பேர்தான் வந்தார்கள். மிஸ் நெல்லிக்காய் கேட்டார், நான் கேலி செய்யவில்லை.

நவம்பர் 1, சனி

விடியும்போதே மழை. குடை பிடித்தால் குடை மேலே போகிற மழை. கம்ப்யூட்டர் தந்த பழைய மாணவர் சங்கத்துக்காரர் காரில் வந்துவிட்டார், கையில் பேரேடு. பத்து மணிக்கு வகுப்பு. உள்ளே பன்னிரண்டு பேர்.

மிஸ் ஜன்னலைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தார். வந்தவரிடம் நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த வருடம் படித்தீர்கள், எந்த டீச்சர், அப்போது என் கடை உண்டா, மாங்காய்க்குப் பாக்கி வைத்திருக்கிறீர்களா, இப்படி எதையாவது. பத்தே காலுக்கு அவர் பேரேட்டைத் திறந்தார். “பன்னெண்டுதான் இருக்கு...”

“தெருவில தண்ணி முழங்காலுக்கு நிக்குது சார். கப்பல்ல வாராங்க” என்றேன்.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம். சந்தானம் சாரின் பழைய ஸ்கூட்டர். சார் தொப்பலாக நனைந்திருந்தார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னால் ஒரே மழைச்சட்டைக்குள் இரண்டு பிள்ளைகள். இறக்கிவிட்டார், திரும்பினார், போனார். பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு. மறுபடியும். தோற்றுப்போன மொழிக்காரர், பூனை வகுப்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

நாலாவது நடையில் முகிலரசன் இறங்கினான். அதற்குள் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தே வந்த கூட்டம் வேறு. ரூபிகா அந்தக் கூட்டத்தில் முன்னால்.

சங்கத்துக்காரர் எண்ணினார். இருபத்து நாலு. பேரேட்டில் எழுதினார். மிஸ் சந்தானம் சாரிடம் ஒரு துண்டை நீட்டினார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சி எப்போ ஆரம்பிக்கிறோம்?” என்றார்.

பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த மேசைகளில் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளட்டும். நல்ல மனசோடுதான் சொல்கிறேன்.

நவம்பர் 5, புதன்

மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரூபிகா பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நம்ம தெரு மட்டும் இல்லாம ஊருல எல்லாத் தெருவுக்கும் குழாய் முறை போடணும்னா, கட்டைய இழுத்து இழுத்துக் கை வலிக்குது. ஆயிரம் வீடும்மா. பூனை பத்தலை.”

கத்தியைக் கீழே வைத்தேன்.

“என்ன சொன்ன?”

“பூனை பத்தலைன்னேன்.”

கடையை அவளிடம் விட்டுவிட்டு, வாசலைத் தாண்டி, மிளகாய்ப்பொடிக் கையோடு கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். மிஸ் தனியாக உட்கார்ந்து ஏதோ புத்தகத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மிஸ்ஸு! ‘வரை’ வந்துருச்சு!”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டார். “ஐயோ யக்கா! அதுக்குள்ளயா? நான் இன்னும் ஏழாம் பாடத்துலதான் இருக்கேன்!”

“ஒரு பாடம் முன்னாடி இருந்தாப் போதும்னு நீங்கதான சொன்னீங்க?”

“இவ இப்ப என்னைத் தாண்டிருவா போல இருக்கே.”

“தாண்டட்டும். தப்பு வந்தா கையப் பிசைங்க. ஓடி வருவாங்க.”

நவம்பர் 8, சனி

பிள்ளைகள் இன்று பைத்தான் ஆரம்பித்தார்கள். மிஸ்ஸுக்கு மூன்று தப்பு. மூன்றும் நெசம் என்று நினைக்கிறேன். சந்தானம் சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தடவை தலையை ஆட்டினார்.

ஓரத்துக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா இருந்தது. அதில் பூனை இன்னும் நின்றுகொண்டிருந்தது, யாரும் கவனிக்காமல். பத்துப் படி நடக்கச் சொல்லும் கட்டை எது என்று ரூபிகாவைக் கேட்டேன். காட்டிவிட்டுப் போய்விட்டாள். நானாக இழுத்தேன். பத்துக்குப் பதிலாக ஆயிரம் போட்டுவிட்டேன். பூனை குடத்தோடு ஒரே பாய்ச்சலில் திரையைவிட்டே காணாமல் போனது.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அறை முழுக்கச் சிரிப்பு.

ஆறாம் வகுப்பில் நீள் வகுத்தல் கணக்கு. திங்கட்கிழமை. கரும்பலகை முன்னால் நான், விடை தப்பு. அன்றும் அறை முழுக்கச் சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை, அதற்கு மறுநாளும். தம்பி அப்போது பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான்.

இன்று பூனையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். நானும் பார்த்தேன். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது, அப்படி ஓடியது. ஆயிரத்தை அடித்துவிட்டுப் பத்து போட்டேன்.